மலையகத்தில் போனும் ஓய்வு நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் பக்கம் ஒரு கொமியுனிகேஷன் கடை நடத்துகிறேன். ரீலோட் போடவும், போட்டோக்கொப்பி எடுக்கவும், அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கவும் வருகிறவர்கள் போனை மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். யாருடைய பெயரும் தோட்டமும் இதில் இல்லை.

தோட்டத்து ஆட்களுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று இருக்கிறதா?

ஆம்பளைகளுக்கு இருக்கிறது. பொம்பளைகளுக்கு அவ்வளவாக இல்லை. இதைச் சொல்லாமல் மற்ற எதையும் பேச முடியாது.

விடியுமுன் எழும்பி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பெரியதைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி, சின்னதைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டுவிட்டு மலைக்கு ஓடுகிறார்கள். கடைசிக் கொழுந்து நிறுத்து முடித்து லயத்துக்கு (ஒட்டி வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகளுக்கு) வர ஐந்து மணியாகிவிடும். அப்புறம் தண்ணீர், விறகு, சமையல், கழுவல். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து, மருந்தடிப்பு என்று போகிற ஆண்கள் பலருக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். குளித்துவிட்டு இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து போன் பார்க்கலாம், கிரவுண்டில் கரப்பந்து அடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகூட பெண்களுக்கு உடனே காசு கிடைக்கிற கைக்காசு வேலையும், ஒரு வாரத்துத் துணியும், டவுனில் சாமான் வாங்குவதுமாகப் போய்விடுகிறது.

"இவளுக்கு எந்நேரமும் போன்தான்" என்று வீட்டுக்காரியைக் குறை சொல்கிறவர்கள், ஒரு வாரம் இரவுப் பாத்திரத்தைத் தாங்கள் கழுவிப் பார்க்கட்டும். வீட்டுக்காரிக்கு அரை மணி நேரம் கிடைக்கும். அதில் அவர் நாடகம் பார்த்தால் பார்க்கட்டும், அது அவர் உழைத்து எடுத்த நேரம்.

கிடைக்கிற நேரத்தில் ஆட்கள் போனில் என்னதான் பார்க்கிறார்கள்?

பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. அம்மாமார் விட்டுப்போன நாடகத்தை யூடியூப்பில் பார்க்கிறார்கள். பையன்களுக்கு கிரிக்கெட்டும் ப்ரீ பயர் என்ற போன் விளையாட்டும். இளசுகளுக்கு டிக்டொக். எல்லோருக்கும் பொதுவானது வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: பிறந்தநாள், கோயில் திருவிழா, பரீட்சை முடிவு, மரண அறிவித்தல். முன்பெல்லாம் ஒரு சாவு என்றால் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பித்தான் சொல்வார்கள். இப்போது கொழும்பில் கடை வேலை செய்கிற பையனுக்கு அடுத்த நிமிடமே தெரிந்து, இரவு பஸ்ஸைப் பிடித்து வந்து சேருகிறான். போனால் நமக்குக் கிடைத்த நல்லதில் இதை முதலில் சொல்வேன்.

எங்கள் லயத்தில் சிக்னலே இல்லை. என்ன செய்யலாம்?

டவர் ஒரு மலையில், லயம் அடுத்த மலைக்குப் பின்னால் பள்ளத்தில். நடுவில் மலை நின்றால் சிக்னல் வராது, எந்தக் கம்பனி சிம்மாக இருந்தாலும் இதே கதைதான். ஆனால் எந்த டவர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். ஆகவே புதிய சிம் எடுக்குமுன் பக்கத்து வீட்டு ஆட்களின் வேறு வேறு சிம்களை உங்கள் இஸ்தோப்பில் வைத்துப் பாருங்கள். ரவுட்டர் வாங்கினால் டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் உயரமாக வையுங்கள். பிள்ளைகளின் பாட வீடியோக்களை டவுனுக்கு வரும்போது இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது, பாடம் எல்லாம் வட்ஸ்அப்புக்கு வந்தது. நம் பிள்ளைகள் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடியோடு, சிக்னல் கிடைக்கிற, நம்பர் போட்ட தேயிலை மலைக்கு ஏறினார்கள். நிறையப் பேர் அந்த இடைவெளியிலேயே படிப்பை விட்டுவிட்டார்கள். சிக்னல் கேட்பதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அந்தக் காலத்தை ஞாபகப்படுத்துங்கள். தோட்டத் தலைவர், பிரதேச சபை உறுப்பினர் என்று எல்லோரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

அம்மா வெளிநாட்டில். பேசக் கூப்பிட்டால் பிள்ளை தூங்கிவிடுகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பது அப்பாயிமாரும் அம்மாயிமாரும்தான். பிள்ளையை வளர்ப்பது இந்தப் பாட்டிமார்தானே.

முதலில் நேரக் கணக்கு. சவூதி, குவைத், கட்டார் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். டுபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். ரியாத்தில் இரவு பத்து மணிக்கு வேலை முடித்துவிட்டு அம்மா போனை எடுக்கும்போது இங்கே பன்னிரண்டரை. பிள்ளை எப்படி விழித்திருக்கும்? அதனால் நேரில் பேசுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளையே ஒரு வொய்ஸ் போடட்டும். இன்றைக்கு என்ன படித்தேன், யாரோடு சண்டை, மதியம் என்ன சாப்பாடு என்று எதுவாக இருந்தாலும் சரி. கொப்பியின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பட்டும். அம்மா தன் இரவில் கேட்டுவிட்டுப் பதில் போடுவார், பிள்ளை விடிந்ததும் கேட்கும். கிழமைக்கு ஒரு நாள், அம்மாவுக்கு லீவு உள்ள நாளில், முகம் பார்த்துப் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். டுபாய் போன்ற இடங்களில் வட்ஸ்அப் அழைப்பு பொதுவாக எடுபடாது. அங்கே எந்தச் செயலி வேலை செய்கிறது என்று அம்மாவிடம் கேட்டு அதையே இங்கேயும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது காசுக் கணக்கையும் குடும்பச் சண்டையையும் அந்த அழைப்பில் எடுக்காதீர்கள். அம்மா என்றாலே காசு அனுப்புகிற ஆள் என்று பிள்ளை மனதில் பதிந்துவிடும். பல நாளாக அம்மாவிடமிருந்து தொடர்பே இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் அழையுங்கள். கடவுச்சீட்டுப் பிரதி, ஏஜென்சிக் கடிதம், அங்குள்ள முகவரி மூன்றும் வீட்டில் ஒரு பைலில் இருக்கட்டும்.

மகள் உயர்தரம் படிக்கிறாள். போன் வாங்கிக் கொடுத்தால் கெட்டுப்போவாளா?

இதே வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டீர்களா? என் கடைக்கு வரும் பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை.

லயத்தில் ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டில் கேட்கும். ஒரு பெண் பிள்ளை இஸ்தோப்பில் நின்று போன் பேசினாலே அது கீழே இருக்கிற பணிய லயம் வரை போய்விடும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் போனைப் பிடுங்குகிறோம். ஆனால் போன் இல்லாத பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு இல்லை, பல்கலைக்கழக விண்ணப்பத் தகவல் இல்லை, கடந்தகால வினாத்தாள் இல்லை. சிநேகிதியின் போனைக் கடன் வாங்கி ஒளித்துப் பார்ப்பாள். ஒளித்துப் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு தொல்லை வந்தால் யாரிடமும் சொல்லமாட்டாள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும் அன்றே பக்கத்தில் உட்கார்ந்து சிலதைச் செய்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் இரண்டு படி சரிபார்ப்பை இயக்கி, ஆறு இலக்க எண் ஒன்றைப் போடுங்கள். சுயவிவரப் படத்தைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். வட்ஸ்அப் குரூப்பில் யார் வேண்டுமானாலும் சேர்க்க முடியாதபடி வையுங்கள். சின்னத் தங்கச்சியும் அதே போனில் டிக்டொக் கேட்பாள். அதற்குக் குறைந்தது 13 வயது வேண்டும், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்குக்கு நேரடிச் செய்தி வராது. வயதைப் பொய்யாகக் கூட்டிப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கடைசியாக, "என்ன நடந்தாலும் என்னிடம் சொல், போனைப் பறிக்கமாட்டேன்" என்று வாயால் சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

ஒருவன் என் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டுகிறான். யாரிடம் போவது?

இதைக் கேட்கிறவர்கள் கடையில் ஆள் குறையும் வரை காத்திருந்துதான் கேட்பார்கள். தங்கச்சி, முதலில் ஒன்று: தப்பு மிரட்டுகிறவனுடையது. நம்பி அனுப்பிய படமாக இருந்தாலும் சரி, முகத்தை வெட்டி ஒட்டிய படமாக இருந்தாலும் சரி.

காசு கொடுக்காதே. ஒரு தடவை கொடுத்தால் திரும்பக் கேட்பான். இன்னொரு படமும் அனுப்பாதே, தனியாகச் சந்திக்கப் போகாதே. கோபத்தில் செய்திகளை அழிக்கவும் கூடாது, அவைதான் சாட்சி. அவனுடைய இலக்கம், கணக்கின் பெயர், திகதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு, அதன்பிறகு தடை செய்.

உனக்கு 18 வயது ஆகவில்லை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. வயது வந்த பெண் என்றால் மகளிர் உதவிச் சேவை 1938. கணக்கைத் திருடியது, போலிக் கணக்கு திறந்தது போன்றவற்றுக்கு இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியின் 101. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுப் போகலாம், கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ. தமிழில் முறைப்பாடு எழுதித் தரும்படி கேட்பது உன் உரிமை. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதே.

படம் பரவாமல் தடுக்க ஒரு வழியும் இருக்கிறது. 18 வயதுக்கு மேல் என்றால் ஸ்டொப் என்.சி.ஐ.ஐ. (StopNCII), கீழே என்றால் டேக் இட் டவுன் (Take It Down) என்ற இணையதளம். இரண்டும் இலவசம். உன் போனிலிருக்கும் படத்துக்கு ஒரு கைரேகை போன்ற எண்ணை அங்கேயே உருவாக்கி அந்த எண்ணை மட்டும்தான் அனுப்பும், படம் போனைவிட்டு வெளியே போகாது. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்த எண்ணை வைத்து, அதே படத்தை யாராவது ஏற்றினால் கண்டுபிடித்து நிறுத்தும். வட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இது தடுக்காது. அதற்கு நாம் ஒவ்வொருவரும் ஒன்று செய்ய வேண்டும்: அப்படி ஒரு படம் வந்தால் யாருக்கும் காட்டாமல் அழித்துவிட்டு, அனுப்பியவனிடம் "இது குற்றம்" என்று சொல்ல வேண்டும். "யாரோட மகள்னு தெரியுமா?" என்று குரூப்பில் கேட்கிறவரும் குற்றத்தில் பங்காளிதான்.

கொழுந்து எடுக்கிறவர்களை டிக்டொக்கில் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடலாம். தலையில் துண்டும் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியுமாக வேலை செய்கிற அக்காவுக்குத் தன்னை அப்படி ஆயிரம் பேர் பார்ப்பதில் விருப்பம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சுற்றுலாக்காரர்கள் கேட்காமல் எடுக்கிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோம், நம் பிள்ளைகளும் அதையே செய்தால் எப்படி? அக்காமார் தாங்களே பாட்டுப் போட்டு வீடியோ செய்வதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதற்குக் கீழே வந்து "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா" என்று எழுதுகிறவர்கள் அவர்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்வார்களா?

மகன் இரவு இரண்டு மணி வரை ப்ரீ பயர் விளையாடுகிறான். போனை உடைத்துவிடவா?

வேண்டாம், அவன் வேறு போன் தேடுவான். இரவு பத்து மணிக்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும், அப்பாவின் போன் உட்பட, ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும். ஒரே காம்பராவில் (அறையில்) ஐந்து பேர் தூங்குகிற வீட்டில் ஒரு திரை வெளிச்சம் எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கும். விளையாட்டுக்குள் டயமண்ட் வாங்க உங்கள் போனிலிருந்து காசு போகிறதா என்றும் பாருங்கள். பின்னேரத்தில் கிரவுண்டில் வலை கட்டியிருந்தால் பாதிப் பிரச்சினை குறையும். கரப்பந்து இந்த நாட்டின் தேசிய விளையாட்டு, ஆனால் எத்தனையோ தோட்டத்தில் ஒரு பந்து வாங்க ஆளில்லை.

மண்சரிவு வருகிறது என்று ஒரு வொய்ஸ் வந்திருக்கிறது. பகிரலாமா?

முதலில் யார் பேசுகிறார், எந்தத் திகதி, எந்தத் தோட்டம் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அனுப்ப வேண்டாம். ஆனால் சந்தேகம் என்று சும்மாவும் இருக்கக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நேரத்தில் மலை மலையாகச் சரிந்ததையும் பார்த்தோம். அந்த நாட்களில் கரண்டும் சிக்னலும் போய், கிடைத்த கொஞ்ச நேரத்தில் வந்தது பாதி உண்மை, பாதி பழைய வீடியோ. பிள்ளையைத் தேடுகிறவருக்குப் பழைய வீடியோ என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சுவரில் புது வெடிப்பு, கதவு இறுகுவது, மரம் சாய்வது, ஊற்று திடீரென்று கலங்கலாக வருவது எல்லாம் கண்ணால் பார்க்கிற அறிகுறிகள். அவற்றைக் கண்டால் எந்த மெசேஜுக்கும் காத்திருக்காமல் வெளியேறுங்கள். படம் பழையதா என்று பார்க்க கூகுள் லென்ஸில் போட்டால் முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வதந்தி மழையோடு நிற்பதில்லை. 2018 மார்ச்சில், தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதி இறந்த பிறகு, திகனயில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதைக் கிளறிவிட்டதில் பேஸ்புக் பதிவுகளுக்குப் பங்கு இருந்தது. அரசு ஏறக்குறைய ஒரு வாரம் சமூக ஊடகங்களை முடக்கியது. 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. கண்டிப் பக்கத்தில் நடந்தது அது, தூரத்துக் கதை இல்லை. வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருகிற செய்தி பல கை மாறி வந்தது. அதனால்தான் அதை ஒரு நேரத்தில் ஓர் ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப விடுகிறார்கள். அந்த அம்பைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

"தோட்டக்காட்டான்" என்று இழிவாகக் கமெண்ட் போடுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

கோபம் வரத்தான் செய்யும், எனக்கும் வரும். ஆனால் பதிலுக்கு அவன் அம்மாவைத் திட்டினால் பார்க்கிறவர்களுக்கு இருவரும் ஒன்றாகத் தெரிவார்கள். ஒரே ஒரு தடவை, தகவலோடு பதில் எழுதுங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் நம்மைக் கேட்காமலே இரு நாட்டுப் பிரதமர்களும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை வந்தது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, இந்தியாவிலிருந்து வந்த முன்னோர் நடந்த வழியிலேயே மக்கள் திரும்ப நடந்தார்கள். இவ்வளவும் எழுதிவிட்டு முறையிடும் பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிடுங்கள்.

அப்புறம், நமக்குள்ளேயும் ஒன்று. சாதிப் பெயரை ஜாடையாக வைத்துக் குரூப்பில் கிண்டலடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அட்மின்மார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கக் கூடாது. முதல் தடவையே நீக்குங்கள்.

தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் பல இலட்சம் என்று விளம்பரம். நம்பலாமா?

போகாதீர்கள். சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்குப் போன நம் நாட்டு இளைஞர்கள் மியன்மாரின் மியாவடிப் பக்கத்து மோசடி முகாம்களில் அடைபட்டு, அடிபட்டு, பிறரை ஏமாற்றும் வேலை செய்ய வைக்கப்பட்டார்கள். எந்த வெளிநாட்டு வேலையாக இருந்தாலும் ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989இல் கேளுங்கள். வீடியோவுக்கு லைக் போட்டால் காசு, ஆள் சேர்த்தால் காசு என்பவையும் வேண்டாம். இப்படி ஆள் சேர்க்கிற பிரமிட் திட்டம் இந்த நாட்டில் சட்டவிரோதம், சேர்த்துவிடுகிறவரும் மாட்டுவார். போனுக்கு வருகிற ஓ.டி.பி. என்ற ஒருமுறை எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும்கூட.

மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தை லைவ் போடலாமா? சாமி காரியம் என்று பெரியவர்கள் ஏசுகிறார்கள்.

கூத்து வாத்தியாரிடம் கேளுங்கள், அவர் சொல்வதுதான் முடிவு. விரதம், காமன் கம்பம் ஊன்றுதல் போன்ற சில கட்டங்களை எடுக்க வேண்டாம் என்பார், விட்டுவிடுங்கள். மற்றதை எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, தகனத்து இரவு ரதியும் மன்மதனும் விடிய விடிய ஆடுவதை, லீவு கிடைக்காமல் கொழும்பில் நிற்கிற பிள்ளை பார்க்க வேறு வழியில்லை.

ஆனால் முப்பது விநாடித் துண்டோடு நிறுத்தாதீர்கள். அதில் வீரபத்திரனின் ஆட்டம் மட்டும்தான் இருக்கும், பாட்டு இருக்காது. பாட்டுத்தான் முதலில் அழிந்துபோகும், அது வாத்தியாரின் தலையில் மட்டும் இருக்கிறது. போனைக் கம்பத்தில் கட்டி, சார்ஜர் போட்டு, முழுவதையும் எடுங்கள். தப்பு மேளம் அடிக்கிறவருக்குப் பக்கத்தில் வைத்தால் பாட்டு கேட்காது, வாத்தியார் நிற்கிற பக்கம் வையுங்கள். கீழே தோட்டத்தின் பெயர், வருடம், ஆடியவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயர் எல்லாம் எழுதுங்கள். தப்பு அடித்தவரின் பெயரை விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதியை மெமரி கார்ட்டில் கோயிலில் கொடுத்து வையுங்கள்.

வீடியோ பார்த்து அலுத்துவிட்டது. வாசிக்க ஏதாவது இருக்கிறதா?

2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இருக்கிறது. ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்கள், மலையகச் சஞ்சிகைகள், பத்திரிகைகள், பள்ளிக்கூட மலர்கள் எல்லாம் இலவசம். ஒரு புத்தகத்தை இறக்கினால் பிறகு டேட்டா இல்லாமலே வாசிக்கலாம். உங்கள் வீட்டில் பழைய தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரமோ கோயில் மலரோ இருந்தால் எறியாதீர்கள், அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். போனில் எழுத்து சின்னதாகத் தெரிந்தால் பக்கவாட்டில் திருப்பிப் பிடியுங்கள்.

கடைக் கணினியில் மெயில் பார்த்தேன். ஏதும் பிரச்சினை வருமா?

கணக்கிலிருந்து வெளியேறினீர்களா? இல்லை என்றால் உங்கள் போனிலேயே கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், திறந்திருக்கும் மற்றச் சாதனங்களை நீக்கிவிடலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் செய்தால் வெளியே போகுமுன் அதை அழிக்கச் சொல்லுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். நான் கேட்காமலே செய்வேன். எல்லாக் கடையிலும் செய்வார்கள் என்று இருந்துவிடாமல், பக்கத்தில் நின்று பார்த்துவிட்டே போங்கள்.